கதவு வைக்காத வீட்டுக்கு வந்த குடி

கோலியனூரில் வேர்க்கடலை போடும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையை விற்றபோது, அப்பா சாகுமுன் சொல்லியிருந்தபடி அண்ணன் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார். என் வீட்டுக்காரர் அப்போது விழுப்புரம் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. பணத்தை வட்டிக்குப் போடலாம் என்றார் அவர். நான்தான் வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று பிடிவாதமாக நின்றேன். கல்யாணமான நாளாக மாற்றல் மாற்றல் என்று ஊர் ஊராய் அலைந்தவள் நான். ஜங்ஷன் ஊருக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும், வந்த ஆள் முதலில் வீடுதான் தேடும் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு மனை வாங்கினோம். எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குமுன் ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கட்டிப் பழக்கமில்லை. பக்கத்து ஊர் காணையிலிருந்து வந்த கொத்தனார் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பார். ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, விளக்கு மாடம் எவ்வளவு உயரம் என்று கேட்பார். எனக்கென்று கட்டினால் பட்டென்று சொல்லியிருப்பேன். இதில் இருக்கப்போவது யார்? அவள் உயரமா, குள்ளமா? பிள்ளைக்குட்டி உண்டா? முகம் தெரியாத ஒருத்தியை நினைத்து நினைத்து, இன்று சொன்னதை நாளை மாற்றினேன்.

"வாடகைக்கு வுடற வூடுதானேம்மா, எதுக்கு இவ்ளோ ரோசனை?" என்றார் கொத்தனார் ஒருநாள். மாடத்தை இன்னும் ஒரு சாண் இறக்கச் சொன்னேன்.

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே ஓர் அறை பிடித்துக் குடிபோனோம். அதிலிருந்து எனக்கு எங்கும் இருப்புக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் அரிசி களைந்துகொண்டிருப்பேன். அங்கே சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார்களோ இல்லையோ என்று கை நின்றுவிடும். காலை வண்டியில் ஏறி விழுப்புரம் போனால், அவர் மத்தியானம் சாப்பிட்டாரோ என்று மனம் திரும்பி ஓடும். யுத்தம் வேறு. ஜன்னல் கம்பி கிடைக்கவில்லை, மரச்சட்டம் வைத்தோம். ஓடு பாதி வந்து மீதி வரவில்லை. கதவுக்குச் சொன்ன தச்சர் நாளை நாளை என்றார். ராத்திரி தூக்கத்தில் நான் செங்கல் எண்ணுவதாக என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்தக் கோடையில்தான் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் கிளம்பி வந்தார்கள். நான் ஏறுகிற காலை வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. டிரங்குப் பெட்டி, அம்மிக்குழவி, தையல் மிஷின் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் அப்படி நசுங்கி இறங்கி மனைக்குப் போனால், ஓடு வேய்ந்த அறையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நிறைமாதம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பால் காய்ச்சவில்லை, கதவு வைக்கவில்லை, அதற்குள் யாரோ உள்ளே. கொத்தனார்தான் வெயிலுக்கு ஒதுங்கச் சொன்னாராம். அந்த மனிதர் பட்டணத்தில் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவர். எழுந்து கை கட்டிக்கொண்டு நின்றார். "சத்திரத்துல எடமில்லீங்க. இவளால இனிமே நடக்க முடியல" என்றார்.

கோலியனூரில் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒழித்துக் கொடுக்கச் சொல்லலாம் என்று மாட்டுவண்டிக்கு ஆள் அனுப்பினேன். வண்டி வருமுன்னே அவளுக்கு வலி கண்டுவிட்டது. நான் பிள்ளை பெறாதவள். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினார். சித்தாள் பெண்கள் கதவில்லாத நிலைச்சட்டத்தில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சுண்ணாம்பு குழைக்க வைத்திருந்த அண்டாவைத் தேய்த்து அதில் வெந்நீர் போட்டோம். அவள் என் மணிக்கட்டை விடவேயில்லை. வளையல் இரண்டு நொறுங்கின. பொழுது சாய்வதற்குள் பெண்குழந்தை பிறந்தது.

நான் திரும்பவில்லை என்று பயந்துபோய் என் வீட்டுக்காரர் அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தார். சாக்குத் தொங்குவதைப் பார்த்து, உள்ளே குழந்தை அழுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பால் காய்ச்சாத வூட்டுல தீட்டு பட்டுட்டுதே. இனிமே யாரு குடி வருவாங்க?" என்றார்.

"வந்துட்டாங்களே" என்றேன்.

அவருக்குக் கோபம்தான். ஆனால் மறுவாரம் அவரே தச்சர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு முதல் கதவைக் கொண்டுவந்தார்.

மீதி வீடு அவர்களைச் சுற்றித்தான் கட்டி முடிந்தது. ஓர் அறைக்குத் தரை போடும்போது தாயும் பிள்ளையும் அடுத்த அறைக்குப் போவார்கள். அது காய்ந்ததும் இதற்கு வருவார்கள். தீட்டுக் கழிந்த பிறகு அவளையே பால் காய்ச்சச் சொன்னேன். அடுப்பங்கரையில் புகை போக வழியில்லாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தவள், "யாருங்க இங்க ஜன்னலு வைக்க சொன்னது?" என்று கேட்டாள். நான்தான் என்றதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொத்தனார் எதிர்ச்சுவரை இடித்து ஜன்னலை அங்கே மாற்றினார்.

பயம் தணிந்து ஜனங்கள் பட்டணம் திரும்பியபோது அவர்களும் போனார்கள். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரருக்கு மறுபடி விழுப்புரத்துக்கே மாற்றலானது. "நம்ம வூடு காலியாத்தானே கீது, நாமளே இருந்துக்கலாம்" என்றார்.

பெருக்கப் போனேன். வெள்ளையடித்த சுவர், நல்ல காற்று, குறையில்லை. ஆனாலும் இரண்டு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. யாரோ வெளியே போயிருக்கும் நேரத்தில் அவர்கள் வீட்டில் நுழைந்துவிட்டதுபோல இருந்தது. இவ்வளவு நாள் இன்னொருத்திக்கென்றே நினைத்து எழுப்பிய சுவர்கள். எனக்கென்று அவற்றில் ஒன்றுமில்லை. பூட்டிக்கொண்டு வந்து, வாடகைக்கே விடலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார், சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு ரயில்வே கார்டு குடும்பம் வந்தது. நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனோம். வாடகை மாதம் தவறாமல் வந்தது. வேலையேயில்லாத சாயங்காலங்களில் நான் அந்தத் தெருவழியாகப் போவேன். கார்டு பெண்சாதி ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ள வந்து காப்பி சாப்ட்டுட்டுப் போங்கம்மா" என்று கூப்பிட்டாள். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, வேகமாக நடந்தேன்.