மலைச்சுனைத் தண்ணீர்

எங்கள் தெருக் கிணறு மாசியிலேயே உப்புக் கரிக்கத் தொடங்கிவிடும். ஊர்க் கிணற்றில் நாங்கள் வாளி இறக்கக் கூடாது. அதனால் வண்டிக்காரர் பீப்பாயில் கொண்டுவரும் தண்ணீரைத்தான் குடிக்க வாங்கினோம், குடம் காலணாவுக்கு. நாளெல்லாம் பருத்தி எடுத்து வாங்கும் கூலியில் கால்வாசி அதற்கே போய்விடும். கீழக்குயில்குடி மலைச்சுனைத் தண்ணீர் என்று அவர் சொல்லியிருந்ததால், அதில் சோற்றுக்கு உலைகூட வைக்க மாட்டோம். உலைக்கு உப்புத் தண்ணீர்தான்.

எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அது. ஒருநாள் விடிந்ததும் நானும் நாத்தனாரும் காட்டு வேலைக்குக் கிளம்பினோம். வழியில் புழுதியில் சொட்டுச் சொட்டாக ஈரம். விடியுமுன் போன தண்ணீர் வண்டியின் பீப்பாய் ஒழுகியிருந்தது. ஆனால் அந்தத் தடம் மலைப் பக்கம் போகாமல் எங்கள் கண்மாய்க்குள் இறங்கியது. வறண்டு கிடந்த கண்மாயின் நடுவே, கருவேலமரத்தடியில், ஒரு ஊற்றுக்குழி. பக்கத்தில் வண்டிமாட்டுச் சாணம்.

"மதினி, இம்புட்டு நாளா நம்ம கண்மாயவே நமக்கு வித்துருக்காக," என்றாள் நாத்தனார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று வேலைக்கே போகவில்லை. தெருப் பெண்களையெல்லாம் கூட்டிவந்தேன். அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே இடுப்பளவு தோண்டினோம். மத்தியானத்துக்குள் தண்ணீர் ஊறி நின்றது.

சாயங்காலம் அடுத்த நடைக்குத் தண்ணீர் மொள்ள வண்டி கண்மாய்க்குள் வந்தது. எங்களைக் கண்டதும் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். நான் ஒரு செம்பு மொண்டு நீட்டினேன்.

"குடிங்கண்ணே, மலைத் தண்ணி."

குடித்தார். செம்பைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நல்ல தண்ணீரில் உலை கொதித்தது.