முதலில் அவருக்குத் தெரியும்

தயங்கித் தயங்கி ஒரு நர்ஸ் வாசலில் வந்து நின்றால், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்பார்: "எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கும்மா?"

ஆள் டாக்டரும் இல்லை, ஜோசியரும் இல்லை. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும் வார்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. கதிர்வீச்சு கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் அந்த வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தாலே அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதனால் எங்கள் ஆஸ்பத்திரியின் நல்ல செய்திகளெல்லாம், புருஷனுக்கும் மாமியாருக்கும் முன்னால், கல்யாணமே செய்துகொள்ளாத இந்த மனிதர் காதில்தான் விழும். அவருக்கு வாழ்த்துச் சொல்ல வராது. "சரி, நாளையிலேர்ந்து ரிசப்ஷன்" என்பதோடு சரி. பக்கத்து மேஜை கிளார்க்கான நான் அப்போது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பொத்திக்கொள்வேன், விரல்களுக்கு நடுவில் கொஞ்சம் இடமிருக்கும்.

ஒருத்தியை மட்டும் மாற்றினால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று, துணைக்கு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து மாற்றுவார். ஒருமுறை, ஓய்வுபெற ஆறு மாதமே இருந்த தலைமை நர்ஸ் அதில் மாட்டிக்கொண்டார். லிஃப்ட்காரர் வாழ்த்தே சொல்லிவிட்டாராம். "என் பொண்ணுக்கே ரெண்டு பிள்ளைங்க சார்" என்று சண்டைக்கு வந்தார் அந்தம்மா. "ரூல்ஸுக்கு வயசு கிடையாதும்மா" என்றார் இவர்.

போன மாதம் வந்த நர்ஸுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. "மூணு மாசம் தாண்டட்டும் சார். வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. இன்னொரு தடவை அந்த மனுஷன் அழுறதை என்னால பாக்க முடியாது."

அதில் ஒரு சிக்கல். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்டும் பேட்ஜை எல்லாரும் சட்டைப்பையில் குத்திக்கொள்வோம்; கர்ப்பிணிகள் மட்டும், வார்டை விட்டு மாற்றிய பிறகும், வயிற்றருகே இன்னொன்று குத்த வேண்டும். அது தண்டோரா போட்டதற்குச் சமம். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: இனி எல்லாருக்கும் வயிற்றில் ஒன்று. துப்புரவுப் பணியாளர்கள், லிஃப்ட்காரர், நான், யாரும் தப்பவில்லை. அவரும் தன் தொப்பையில் ஒன்றைக் குத்திக்கொண்டார்.

நேற்று அவள் புருஷன் வந்தான்.

"வீட்டுல ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுறா சார். வார்டை விட்டுத் தூக்குற அளவுக்கு என்ன தப்பு பண்ணிட்டா?"

"கையெழுத்து சரியில்ல."

"கையெழுத்துக்காகவா?"

"ஆமா."

உண்மையைச் சொல்லிவிட நாற்காலியிலிருந்து எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

"உங்களுக்குன்னு ஒரு பிள்ளை குட்டி இருந்திருந்தா, அடுத்தவன் வீட்டுக் கஷ்டம் தெரிஞ்சிருக்கும்" என்றான் அவன்.

அவருடைய வலது கை மெல்ல வந்து, தன் வயிற்றிலிருந்த பேட்ஜை மூடிக்கொண்டது.