இருபத்தெட்டு என்று சொன்னேன்

நாற்பத்தொரு மீட்டர் தூரத்தில் நின்ற மானை இருபத்தெட்டில் நிற்கிறது என்று என் நண்பருக்குச் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன். என் சொல்லை நம்பி அவர் அம்பை விட்டார். மறுநாள் காலையில் அந்தப் பொய்யை மறைக்க இன்னொன்று செய்தேன். முதலாவதைப் பதற்றத்தில் செய்தது என்று சொல்லித் தப்பலாம். இரண்டாவதற்கு எந்தச் சாட்டும் இல்லை.

நான் நில அளவையாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கருவி இல்லாமலே தூரத்தைக் கண்ணால் சொல்லிவிடுவேன். அந்தச் செருக்கு எனக்கு நிறைய உண்டு. நண்பர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மெல்பேர்னில், மல்கிரேவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரிடம் வில் பிடிக்கப் பழகி, வேட்டை உரிமமும் எடுத்தார். நானும் பழகிப் பார்த்தேன், தோள்மூட்டு விடவில்லை. ஆனாலும் அவரோடு போவதை நிறுத்தவில்லை. அவர் கை, நான் கண் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் மனம் இளகுகிறது. விடியுமுன்பே கிளம்பி கிப்ஸ்லாந்து மலைக்காட்டை நோக்கிப் போவோம். காரில் என் மனைவி சுற்றித் தந்த ரோல்ஸும் அவர் மனைவி கட்டித் தந்த எலுமிச்சைச் சாதமும் இருக்கும். எது முதலில் என்பதில் ஒவ்வொரு முறையும் ஒரு வழக்கு. காட்டுப் பாதையில் காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் யூகலிப்டஸ் மணத்தோடு குளிர் முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது, சைகைதான். பேச்சை எல்லாம் காரிலேயே தீர்த்துவிடுவோம், முக்கியமாக நாங்கள் தேடிப் போகும் அந்தப் பெரிய மானின் பெயர் வழக்கை.

"மரை எண்டு சொல்லும் தம்பி. என்ன மிளா, மிளா?"

"எங்க ஊர்ல அது மிளாதாண்ணே. உங்க ஆளுங்க பேரை மாத்திட்டா அது வேற மிருகமாயிருமா?"

"எந்தப் பேரில கூப்பிட்டாலும் உம்மட்ட அது வாறேல்லையே!"

இந்தக் கடைசிக் கிண்டலில் கொஞ்சம் உண்மை இருந்தது. அவர் சுலபத்தில் அம்பு விடமாட்டார். முப்பது மீட்டருக்கு மேல் என்றால் வில்லை இறக்கிவிடுவார். வில் பழகும் திடலில் ஐம்பதிலும் குறி தப்பாதவர் அவர். காட்டில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன்.

"திடல்ல குறி அட்டை அசையாதுண்ணே. இது உயிரு. நாண் சத்தம் காதுல விழுந்து, அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு அடி எடுத்து வச்சுச்சுன்னா? முழுசாத் தவறிப்போனா எனக்குக் கவலை இல்ல. பாதி பட்டுத் தொலைஞ்சுதுன்னா?"

மூச்சு வாங்கும்போதும், குளிரில் விரல் மரத்திருக்கும்போதும் அந்த முப்பதும் அவருக்கு இருபதாகிவிடும். மான் நம்மைப் பார்த்துவிட்டால் எந்தத் தூரத்திலும் விடமாட்டார். அவரிடம் லேசர் தூரமானி இருந்தது. ஆனால் பெரணி அடர்ந்த இடத்தில் அது முன்னால் நிற்கும் இலையின் தூரத்தைத்தான் காட்டும். அங்கே மட்டும் என் கண்ணை நம்புவார். வில்லின் குறிமுள்ளை நான் சொல்லும் எண்ணுக்கு ஏற்றபடிதான் வைப்பார். எண் பிழைத்தால் அம்பும் பிழைக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மகளின் கலியாணத்துக்கு முந்திய வாரம் வீட்டில் ஒரு விருந்து வைத்திருந்தோம். வருகிற எல்லோரிடமும் மரை இறைச்சி தருவேன் என்று பெருமையடித்திருந்தேன். சம்பந்தி வன்னியில் வளர்ந்தவர். "உண்மையாவோ அங்கிள்? சாப்பிட்டு எத்தினை வருசம்!" என்று மாப்பிள்ளையின் தமக்கை வேறு கேட்டுவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருந்தோம். விருந்துக்கு முன் மிஞ்சியது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

பின்னேரம் ஒரு சரிவில் அதைக் கண்டோம். பெண் மரை. விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு அப்பால், பக்கவாட்டில், எங்களைப் பாராமல் நின்றது. நடுவில் பெரணி. நண்பர் தூரமானியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உதவாது என்று தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பினார்.

எனக்கு நாற்பத்தொன்று என்று பட்டது. சொல்லியிருந்தால் வில்லை இறக்கியிருப்பார். "இருபத்தெட்டு" என்றேன். "ஐயமில்லையே?" என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். தலையசைத்தேன்.

அம்பு தாழ்ந்து போய் முன்னங்காலில் பட்டது. மான் விழுந்து எழுந்து சரிவில் இறங்கி மறைந்தது. இருட்டும்வரை இரத்தத் துளிகளைத் தேடி நடந்தோம். இரவு காரிலேயே கிடந்தோம். அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. விடிந்ததும் கீழே ஓடையில் அதைக் கண்டோம். மூன்று காலில், வயிறு நனையத் தண்ணீரில் நின்றது. ஓட முயலவில்லை. நண்பர் கிட்டப் போய் இரண்டாவது அம்பால் முடித்தார். பிறகு கரையில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது நின்ன இடத்துல போய் நில்லுங்க. நான் அளந்து பாக்கணும்."

மேலே ஏறிப் போனோம். அவர் அம்பு விட்ட இடத்தில் தூரமானியோடு நின்றார். அந்தச் சரிவில் விழுந்த மரங்கள் இரண்டு கிடந்தன. மரை நின்றது தூரத்து மரத்துக்குப் பக்கத்தில். நான் அவருக்குக் கிட்ட, இருபத்தெட்டளவில் கிடந்த மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பெரணிக்கு மேலே என் தலையும் தோளும் தெரிந்தன, தூரமானிக்கு அது போதும். முதல் இரத்தத் துளி எனக்குப் பின்னால் வெகுதூரத்தில் கிடந்தது. அடிபட்ட மிருகம் கொஞ்சம் பாய்ந்த பிறகுதான் இரத்தம் சொட்டும் என்பதால் அவர் சந்தேகப்படவில்லை.

"அங்கதானாண்ணே?"

"ஓம் தம்பி, இதிலதான்."

தூரமானியைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. கைதான் போச்சு."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இறைச்சியை வெட்டிக் குளிர்ப்பெட்டிக்குள் அடுக்கினேன். விருந்தில் எல்லோரும் சப்புக்கொட்டினார்கள். சம்பந்தி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். நண்பர் வந்து ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்து, சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் காட்டுக்கு வரவில்லை. வில்லை விற்றுவிட்டார். அடுத்த வருடம் சிட்னியில் வேலை கிடைத்து டூங்கபிக்குக் குடிபோனார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் பேசுவோம். மரை, மிளா வழக்கு எங்கள் பேச்சிலிருந்து தானாகவே நின்றுபோனது.

போன வருடம் எனக்கு இதயத்தில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. குணமாகி நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாகச் சிட்னிக்கு விமானச்சீட்டு எடுத்தேன். மனைவிக்குக்கூடக் காரணம் சொல்லவில்லை.

அவர் வீட்டுப் பின்வளவில் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். எண்ணையும் சொன்னேன், நின்ற இடத்தையும் சொன்னேன்.

"நாப்பத்தொண்ணா?"

"ஓம்."

"மறுநாள் நீங்க நின்ன இடம்?"

"அதுவும் பொய்தான் தம்பி. நீர் ஒரு பிழையும் விடேல்லை."

கொடியில் கிடந்த ஒரு துவாலையை எடுத்தார், மடித்தார், பிரித்து மறுபடி கொடியிலேயே போட்டார்.

"ஊசி போடும்போதெல்லாம் என் கையத்தாண்ணே பாத்துட்டிருந்தேன், நடுங்குதான்னு. டாக்டர்ட்ட போய் ஸ்கேன் எடுத்தேன். ஒண்ணுமில்லன்னாங்க, நான் நம்பல. அதனாலதான் வார்டே வேண்டாம்னு, நர்ஸுங்களுக்கு டூட்டி ரோஸ்டர் போடுற ஆபீஸ் வேலைக்கு இங்க வந்தேன். ஏதோ ப்ரமோஷன்னு நெனச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். போனில் வாழ்த்துக்கூடச் சொல்லியிருந்தேன்.

ஒரு வில் வாங்கித் தருகிறேன் என்றேன். சொன்ன உடனேயே அது எவ்வளவு அற்பமான பேச்சு என்று விளங்கிவிட்டது.

"வில்லு வேணும்னா நானே வாங்கிக்குவேன். நீங்க கெளம்புங்கண்ணே." குரலை உயர்த்தவில்லை. அவர் மனைவி தேத்தண்ணீரோடு வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்.

மெல்பேர்னுக்கு வந்து இரண்டு முறை போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுக்க எனக்குத் துணிவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவர் மனைவிதான் கூப்பிட்டார்.

"அவரு திரும்ப வார்டுக்கே போறாருண்ணே. போன மாசத்துலேர்ந்து. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"நல்லது பிள்ளை. மிச்சம் சந்தோசம்." பிறகு கேட்டுவிட்டேன்: "அவரிட்டக் குடுக்கிறியளே? ஒரு நிமிசம்."

"குளிக்கிறாருண்ணே" என்றார்.

பின்னால் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து யாரையோ திட்டிச் சிரிக்கும் அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சரி பிள்ளை, பிறகு எடுக்கிறன் என்று சொல்லிவிட்டு, போனை உடனே வைக்காமல் அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன்.