பூதத்துக்குக் கொடுத்த சொல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் இடி அண்ணன்தான். வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் கொடுப்பது தொழில். அடிவயிற்றிலிருந்து சிரிக்கும் ராட்சசன், ஊரை எரிக்கும் அரசன் என்று ஏதாவது வந்தால் "இடியைக் கூப்பிடு" என்பார்கள். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

அவர் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஓரிடத்தில் நிற்காது. வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே, "எங்க என் பம்பரம்?" என்று இழுத்துக் கூப்பிடுவார். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் சரி, போட்டது போட்டபடி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். நாளெல்லாம் கத்திய தொண்டைக்கு அதுதான் மருந்து.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பொம்மைப் படம் வந்தது. கிணற்றுக்குள் ஒரு பூதம். பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும், கிட்டே வந்ததும் விழுங்கிவிடும். வசனத் தாளில் "குழந்தாய், அருகில் வா" என்று இருந்தது. திரையிலோ பூதத்தின் உதடுகள் மூன்று தரம் ஒட்டிப் பிரிந்தன. இந்த வசனத்தில் உதடு ஒட்ட ஓர் எழுத்துகூட இல்லை. ஆறு தரம் பேசியும் பொருந்தவில்லை. ஏழாவது தரம், யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னார்.

"எங்க என் பம்பரம்?"

மூன்று ஒட்டலும் கச்சிதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணே, இதுக்குத்தான் உங்களக் கூப்பிடறது!" மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

படம் வெளியானதும் குடும்பத்தோடு போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மனைவிக்கு மனசு ஒப்பவில்லை.

"பொம்மைப் படம்னா சின்னப் பிள்ளைங்க படம்னு ஆயிடுமா? உங்க பூதம் ஆளை முழுங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"முழுங்கினதுங்க எல்லாம் கடைசில வெளிய வந்துடும்மா. பிள்ளைங்க கொஞ்சம் பயந்தாத்தான் தைரியம் வரும்."

பாவம், உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அவர் பார்த்த பூதம் வேறு. விளக்கெரியும் அறையில், சின்னத் திரையில், இசை சேர்ப்பதற்கு முன்பு, தன் வசனம் வரும் துண்டுகளை மட்டும் டீ குடித்துக்கொண்டே பார்த்தவர் அவர். முழுப்படத்தையும் அன்றைய பகல் காட்சியில்தான் பார்த்தார்.

அரங்கம் நிறையப் பிள்ளைகள். கிணறு வந்தபோது சத்தத்தில் நாற்காலி அதிர்ந்தது. அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வளர்ந்த பிள்ளைகள் சிலர் கைதட்டிச் சிரிக்கவும், இவரும் தெம்பாக உட்கார்ந்துவிட்டார். அதோடு சும்மா இருந்தாரா? தன் கட்டம் வருகிறது என்றதும் இருப்புக் கொள்ளாமல் மகளின் காதருகே குனிந்தார்.

"யாரு பேசறான்னு கண்டுபிடி, பாப்போம்."

இருட்டிலிருந்து பெரிய வாய் ஒன்று திறந்தது. "எங்க என் பம்பரம்?"

"அப்பா" என்றது குழந்தை.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். மகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. திரையில் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டே கிணற்றை எட்டிப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. இவர் திரும்பியபோது பக்கத்து நாற்காலி காலி. மகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

மறுநாள் மாலை வழக்கம்போல் படியேறிக்கொண்டே கூப்பிட்டார். யாரும் ஓடிவரவில்லை. குழந்தை அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றது.

"நான்தான்டா கண்ணு, அப்பா" என்றார்.

அப்பா என்பதுதான் பயமே என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. சன்னக் குரலில் பேசிப் பார்த்தார். கூடத்துக்கு அழைத்துப்போய் மைக்கைக் காட்டினார். குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பயம் தெளிய இரண்டு மாதம் ஆயிற்று. காலைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் திரும்ப வரவேயில்லை. அதன்பிறகு பொம்மைப் படம் எது வந்தாலும், "எத்தன வயசுப் பிள்ளைங்களுக்கு?" என்று முதலில் கேட்பார். கூடத்தில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மகளுக்கு இப்போது பதினாறு. பேய்ப் படம் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். சின்ன வயதில் பார்த்த அந்தப் படம் அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்தத் தைரியத்தில் போன வாரம் ஒருநாள், படியேறும்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"எங்க என் பம்பரம்?"

 மகள் வாசலுக்கு வந்தாள்.

"அப்படிக் கூப்பிடாதீங்கப்பா. என்னமோ பிடிக்கல. ஏன்னு தெரியல."

அவருக்குத் தெரியும். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.