பரசூட் விரியுமட்டும்

மகன் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், சற்று நேரத்தில் நான் தேத்தண்ணியோடு போய் அந்தக் கதவைத் திறப்பேன். தேத்தண்ணி ஒரு சாட்டுத்தான். ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் நாங்கள் இருக்கிற வீட்டில் கார் பனியிலும் வெயிலிலும் வெளியே நிற்கிறது. கார் நிற்க வேண்டிய இடத்தில் மேசை, வயர்கள், என் தோள் உயரத்துக்கு ஒரு மட்டைக் குழாய். அதுதான் ரொக்கெற்றாம். காதோரம் நரைத்த ஆம்பிளைக்கு விளையாட்டுச் சாமான் என்றால் யார் நம்புவது?

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் ஒருவன் எதையோ மறைக்கிறான் என்றால் அவன் தோள் நிற்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்தபோது, கைக்கடக்கமான ஒரு மோட்டாரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்புத் தூளைப் பேப்பரில் கொட்டிக்கொண்டிருந்தான். கறுப்புத் தூளும் வயரும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கு என்ன வரும் என்பதை ஊரில் சண்டைக்குள் இருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"உது என்ன?"

"வெடிமருந்தம்மா. மோட்டாரின்ரை."

"ஆர் தந்தது?"

"காசு குடுத்து வாங்கினது. எனக்கு அனுமதி இருக்கு."

"காசு குடுத்து வாங்கினதை ஏன் வெளியிலை கொட்டுறாய்?"

பெருமூச்சு விட்டுவிட்டு விளங்கப்படுத்தினான். ரொக்கெற்றை மேலே தள்ளுகிற மோட்டார் எரிந்து முடிந்து சில விநாடிக்குப் பிறகு இந்தத் தூள் வெடித்துப் பரசூட்டை வெளியே தள்ளுமாம். ஆனால் ரொக்கெற் எங்கே நிற்கிறது என்பது மோட்டாருக்குத் தெரியாது, விநாடிக் கணக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவன் உள்ளே ஒரு சின்னக் கொம்பியூட்டர் வைக்கிறான். அது மேலே போகப் போகக் காற்றுக் குறைவதை அளந்து, உச்சிக்குப் போனவுடன் தன்னுடைய மருந்தைத் தானே பற்ற வைக்கும். இரண்டும் இருந்தால் ஒன்று முந்தி வெடித்துக் காரியத்தைக் கெடுக்கும். ஆகவே மோட்டாரின் தூளைக் கொட்டிவிட்டு அந்தத் துவாரத்தைக் கிரீஸ் வைத்து அடைக்கிறான்.

"அப்ப உந்தக் கொம்பியூட்டர் பேசாமல் இருந்தால்?"

"நேரை வந்து நிலத்திலை குத்தும்."

மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

மருமகளைக் கேட்டேன். "மாமி, அந்தாள் குடிக்கேல்லை, கசினோவுக்குப் போகேல்லை. ரொக்கெற் விட்டால் விடட்டும்" என்றாள். அவளும் உடந்தைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் அவனுக்கு ஒரு சோதனை இருந்தது. ரொக்கெற் விடுகிறவர்களுக்கு ஒரு கிளப்பாம். அந்த ஆட்களுக்கு முன்னால் ரொக்கெற் மேலே போய், பரசூட்டில் முழுசாக இறங்க வேண்டும். இறங்கினால் இதைவிடப் பெரியது விடலாம்.

"விரியாட்டி?" என்றேன்.

"அடுத்த வருசம் திரும்பச் செய்வன்."

"அது சரிவராது. விரியாட்டி கராஜைக் காலி பண்ணவேணும்."

சிரித்தான். "சரியம்மா. விரியாட்டி எல்லாத்தையும் விக்கிறன்."

நானும் வருவேன் என்றேன். அப்படி ஒரு கிளப் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

போகிற அன்று காலை, ரொக்கெற் ஹோலில் சுவரோடு சாய்ந்து நின்றது. எங்கள் வீட்டுக்குள் புதிதாக வந்த எதுவும் பொட்டில்லாமல் இருந்ததில்லை. காருக்கு வைத்தேன், பிரிட்ஜுக்கு வைத்தேன். பிடிக்காத சாமானாக இருந்தாலும், என் பிள்ளை பக்கத்தில் நின்று கொளுத்தப் போகிற சாமான். வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. நடுவில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. துளைக்கும்போது கை தவறியிருக்கிறான் என்று எண்ணி, அதன் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தேன். அவன் அவசரத்தில் கவனிக்கவில்லை.

ரொறன்ரோவை விட்டு நெடுந்தூரம் ஓடி, சோளம் வெட்டின ஒரு வயலில் இறங்கினோம். கிளப் இருந்தது. பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரர். ஒருவர் எனக்கு மடக்குக் கதிரை தந்தார். அமர்த்திப் பார்த்துவிட்டுத்தான் இருந்தேன்.

மேசையில் ஒரு தாடிக்காரர் ரொக்கெற்றைச் சோதித்தார். உள்ளே இருந்து கீக், கீக் என்று சத்தம் வந்தது. தலையாட்டினார். பிறகு அவருடைய விரல் நான் வைத்த பொட்டில் வந்து நின்றது. நகத்தால் சுரண்டினார். நான் எழும்பிவிட்டேன்.

"உவர் ஏன் சாமிப் பொட்டைச் சுரண்டுறார்? கேள் அவரை."

மகன் கேட்கவில்லை. முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தான்.

"அம்மா, உதிலை ஆர் பொட்டு வைச்சது?"

"நான்தான். வேறை ஆர் வைக்கிறது?"

அந்த ஓட்டையால்தான் கொம்பியூட்டருக்குக் காற்றுப் போகுமாம். அடைத்துவிட்டால், ரொக்கெற் மேகத்தைத் தொட்டாலும் அது இன்னும் தரையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். மோட்டாரில் இருந்த தூளையும் அவன்தான் கொட்டிவிட்டான். பரசூட்டைத் தள்ள வேறு ஒன்றும் இல்லை.

பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான். "விரியாட்டி விக்கிறன் எண்டு சொன்னனான். அதுக்கோ அம்மா அடைச்சனீங்கள்?"

இத்தனை காலமும் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வையை அன்று என் பிள்ளையின் கண்ணில் பார்த்தேன். தோளில் சேலைக்குக் குத்தியிருந்த பின்னைக் கழற்றினேன்.

"ஆடாமல் பிடி."

"ஆழக் குத்தாதேங்கோ."

"எனக்குத் தெரியும்."

காய்ந்திருந்த சந்தனத்தைக் கிளறி எடுத்து, முந்தானையால் துடைத்தேன். தாடிக்காரர் லைற் அடித்துப் பார்த்துவிட்டுப் பெருவிரலை உயர்த்தினார். விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தை ரொக்கெற்றின் அடியில், ஓட்டைக்கு வெகு தூரத்தில் தடவினேன். மகன் தடுக்கவில்லை.

நான் கதிரையில் போய் இருந்தேன். அவர்கள் எண்ணி முடித்ததும் ரொக்கெற் நிலம் அதிரக் கிளம்பிப் போனது. விரியாவிட்டால் கராஜ் காலி, நான் கேட்டது அதுதான். ஆனால் விரியாவிட்டால் அம்மாதான் செய்தவ என்பது அவன் மனதில் சாகுமட்டும் கிடக்கும். விரிய வேண்டும் என்று அந்த வயலில் என்னைப்போல் ஒருவரும் வேண்டியிருக்க மாட்டார்கள். மேலே அது ஒரு புள்ளியாகி, நின்ற மாதிரி இருந்து, மூக்குக் கவிழ்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் யாரோ எழும்பினார்கள். அப்போது ஒரு துளி புகை. அதற்குப் பிறகு செம்மஞ்சள் துணி.

நான் கதிரையை விட்டு எழுந்து நின்றிருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

சோளக்கட்டைகளுக்குள்ளால் ரொக்கெற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"பாத்தியளே?"

"பாத்தன்."

"நான் உங்களை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டிட்டாய்தானே. காரை எடு, இருட்டப்போகுது."

இப்போது கராஜில் என்னைவிட உயரமான குழாய் ஒன்று நிற்கிறது. கதவுக்குப் புதுப் பூட்டும் வந்திருக்கிறது. மருந்து இருக்கிற இடம், சின்னப் பிள்ளைகள் கை வைத்துவிடும், அதற்காகத்தான் என்கிறான்.

எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை.