பாரம் தெரியாத ஓட்டம்

நிலோஜன் வாகரைப் பக்கத்து மாங்கேணிக்காரன். சுனாமி வந்த காலையில் அவனுக்குப் பதினேழு வயது. கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. நான்கு வயதுத் தங்கை கஜானியைத் தூக்கிக்கொண்டு அவன் மேட்டுப் பக்கம் ஓடினான், அவள் பிழைத்தாள். அடுத்த இரண்டு வருடத்தில் சண்டை வாகரைப் பக்கம் வந்தது. அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு காட்டுவழியே நடந்து, முகாம்களில் கிடந்து, கடைசியில் மட்டக்களப்பு நகரத்தில் மாமா வீட்டில் வந்து ஒதுங்கினான்.

தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய கணினி வகுப்பில்தான் அவன் அனிமேஷனைக் கண்டது. மற்றவர்கள் தட்டச்சுப் பழக, இவன் மூலையில் இருந்து ஒரு பந்தைத் துள்ளவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு பந்துக்குக் கால் வந்தது, கை வந்தது, கழுத்து வந்தது. வகுப்பை மூடியபோது அவனைப்போலவே இதில் பித்துப் பிடித்த இரண்டுபேர் மிஞ்சினார்கள். ஒருத்தி கல்லடியைச் சேர்ந்த கேதீஸ்வரி. மற்றவன் காத்தான்குடி ஸியாம். ஸியாமின் அக்கா கணவர் மர்சூக் கல்யாண வீடியோக் கடை வைத்திருந்தார். பகல் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போகும் நேரம் முழுக்கக் கடைக் கணினி இவர்களுடையது.

2009ஆம் ஆண்டு தை மாதம், கொழும்பில் சிறுவர் கார்ட்டூன் செய்யும் நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கிறது என்று ஸியாம் கேள்விப்பட்டு வந்தான். செய்த வேலைகளில் நல்லவற்றைத் தொகுத்து டெமோ ரீலாக அனுப்பவேண்டும். நிலோஜனிடம் அது தயாராக இருந்தது. தயார் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

இருவரையும் உட்காரவைத்து ஓடவிட்டான். பந்து, சுழலும் குடம், நடக்கும் மனிதன், கதவைத் தள்ளும் மனிதன், கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் மனிதன். பின்னால் ஒரு பாட்டு.

"பாட்டை எடு மச்சான்," என்றான் ஸியாம். "பாட்டுத்தான் ஓடுது, உன்ட ஆள் ஓடல்ல. பந்தும் வேணாம், குடமும் வேணாம். கடைசியில இரிக்கிறத முன்னுக்குப் போடு. அவங்க முதல் ரெண்டு துண்டப் பார்த்துட்டு மூடிருவாங்க."

நிலோஜன் தலையாட்டினான். கேதீஸ்வரி ரீலை இன்னொருமுறை ஓடவிட்டாள். அதுதான் அவனுக்குப் பயம்.

"சொல்லு கேதி."

"நடக்கிறவன் ஆமிச் சென்றியக் கடக்கிற மாதிரி நடக்கிறான். தோள் ஒடுங்கி, கை உடம்போட ஒட்டி. கதவத் தள்ளுறவனும் அப்பிடித்தான். உனக்கு வேற நடையே தெரியாதா?"

ஸியாம் சிரித்தான். நிலோஜன் சிரிக்கவில்லை.

"மறுகா, அந்த ஓடுறவன். அவன்ட கையில இருக்கிறது பிள்ளையா, தலகாணியா? பாரமே இல்ல."

நிலோஜன் எழுந்துவிட்டான். "அந்த ஓட்டம் நான் ஓடினது. அண்டைக்கு எனக்குப் பாரம் தெரியல்ல. பஞ்சு மாதிரித்தான் இருந்தாள். நான் பொய்யா செஞ்சிருக்கன்?"

கேதீஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அண்ணனைக் கல்லடியில் அதே கடல்தான் கொண்டுபோனது. அவள் குரல் உயரவில்லை.

"உனக்குத் தெரியல்ல. பார்க்கிறவனுக்குத் தெரியணும். இல்லாட்டி அவனுக்கு அது வெறும் பொம்மை."

நிலோஜன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இரண்டு நாள் கடைப் பக்கம் வரவில்லை. வந்தபோது மன்னிப்பும் கேட்கவில்லை, கோபமும் காட்டவில்லை. "என்ன செய்யச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டான்.

உண்மையான பாரத்தோடு ஓடச் சொன்னார்கள். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செய்யலாம். கஜானி இப்போது வளர்ந்துவிட்டாள். அவளைத் தூக்கினால் கணக்குச் சரிவராது. ஒரு கோதுமைமா உறையில் மணலை நிரப்பிக் கட்டினார்கள். வாவிக்கரையில் ஆளில்லாத ஓர் இடத்தில் நிலோஜன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, ஸியாம் தன் கைப்பேசியில் பிடித்தான். கேதீஸ்வரி ஒரு பூவரச மரத்தடியில் நின்று பார்த்தாள்.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் பாலம் தெரிந்தது. அவர்கள் மூவரும் ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலமும் படத்தில் பதிவதை ஒருவரும் கவனிக்கவில்லை.

சைக்கிளில் வந்த இரண்டு ஆமிக்காரர் கவனித்தார்கள்.

சோதனைச்சாவடியில் மூவரின் அடையாள அட்டைகளையும் வாங்கி மேசையில் வைத்தார்கள். உறையைக் கத்தியால் கிழித்தார்கள். மணல் கொட்டியதைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் இறுகியது. பாலத்தைப் படம் எடுக்கிறார்கள், மணல் மூட்டையோடு ஓடிப் பழகுகிறார்கள். வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில் இதற்கு வேறு அர்த்தம் தேடவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

"கார்ட்டூன் சேர்," என்றான் ஸியாம் சிங்களத்தில். அந்தச் சொல் அந்த இடத்தில் மிகக் கேவலமாக ஒலித்தது.

அதிகாரி நிலோஜனின் அட்டையைப் பார்த்தார். மாங்கேணி, புலிகள் இருந்த வாகரைப் பக்கம். பிறகு தமிழ் தெரிந்த சிப்பாயிடம் ஏதோ சொன்னார்.

"ஓடிக் காட்டட்டாம்," என்றான் சிப்பாய்.

காவலரணில் இருந்து ஒரு மணல் மூட்டையை எடுத்து நிலோஜனின் கையில் போட்டார்கள். அது அவர்கள் கட்டியதைவிடப் பாரம். முள்ளுக்கம்பி வேலி வரைக்கும் ஓடித் திரும்பினான்.

"திருப்பி."

திரும்ப ஓடினான். மேலே வெயில். அதிகாரி தேநீர் குடித்தார். ஸியாமைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தார்கள். கேதீஸ்வரியை யாரும் திருப்பவில்லை. அவள் கண்ணை எடுக்காமல் நிலோஜனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு முறையும் "திருப்பி" என்ற குரல் வந்தது. ஒரு கட்டத்தில் அவன் முழங்கால் மடிந்து விழுந்தான். விழும்போதும் மூட்டையை விடவில்லை. அதன்மேலேயே கவிழ்ந்து கிடந்தான்.

அந்த நேரத்தில் மர்சூக்கின் முச்சக்கரவண்டி வந்து நின்றது. யாரோ அவருக்குச் செய்தி சொல்லியிருந்தார்கள். அதிகாரிகளின் விருந்துகளை வீடியோ எடுத்துக் கொடுத்த பழக்கம் அவருக்கு இருந்தது. கடைக் கணினியில் இருந்ததை ஒரு சீடியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சாவடித் தொலைக்காட்சியில் அதை ஓடவிட்டார்கள். பந்து துள்ளியது. குடம் சுற்றியது. முகமில்லாத மனிதன் பிள்ளையோடு ஓடினான்.

அதிகாரி சிப்பாயிடம் கேட்டார்.

"சுனாமியா எண்டு கேட்கிறார்," என்றான் சிப்பாய்.

"ஓம்," என்றான் நிலோஜன்.

அதிகாரி சீடியை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். கைப்பேசியில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுத்தார். அட்டைகளை மறுநாள் காலையில் வந்து எடுக்கச் சொன்னார். அட்டை இல்லாமல் அந்த ஊரில் தெருமுனைக்குக்கூடப் போகமுடியாது. அன்று மாலையிலிருந்து மூன்று வீடுகளிலும் வாசலில் வண்டிச்சத்தம் கேட்டபோதெல்லாம் பேச்சு நின்றது. காலையில் அட்டைகள் கிடைத்தன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"போதும்," என்றாள் நிலோஜனின் அம்மா. "பொம்மை விளையாட்டுக்கு உசிரக் குடுக்கப் போறியா, மனே?"

கை தூக்க முடியாமல் கிடந்தான். வலி குறைந்ததும் கடைக்குப் போனான். படம் அழிந்துவிட்டது, பார்த்துச் செய்ய ஒன்றும் இல்லை.

"நான் பார்த்தன்," என்றாள் கேதீஸ்வரி. அவள் எழுந்து நின்று, வெறுங்கையை நெஞ்சோடு சேர்த்துக் காட்டினாள். "முதல் ஓட்டத்தில நீ முன்னுக்குப் பார்த்த. பொறகு நிலத்தப் பார்த்த. இடுப்பு பின்னுக்குப் போச்சு. இடது தோள் இறங்கிச்சு. மூட்டை வழுக்க வழுக்க முழங்காலால ஒரு எத்து எத்தி மேல ஏத்தின. அத நீ செய்யிறது உனக்கே தெரியாது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கன்னம் நனைந்தது. துடைக்கவில்லை. ஸியாம் வெளியே போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தான்.

நிலோஜன் பழைய ஓட்டத்தை முழுவதும் அழித்தான். புதிதாகச் செய்தான். மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு பகலும் இருவரும் பார்த்தார்கள், குறை சொன்னார்கள், அவன் திருத்தினான். பிள்ளை நழுவும் இடத்தில் அந்த மனிதன் முழங்காலால் எத்தி ஏற்றிக்கொண்டபோது, கேதீஸ்வரி சரியென்று தலையை அசைத்தாள். அதை முதலாவதாக வைத்து, பாட்டு இல்லாமல், கெடு முடியுமுன் அனுப்பினார்கள்.

கொழும்பிலிருந்து சித்திரையில் அழைப்பு வந்தது. வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். தெருவில் வெற்றி வெடி கொளுத்திய சத்தத்துக்குள் கஜானி கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொண்டாள். ஆனியில் அவன் பஸ் ஏறினான். முதல் வேலை, பால்மா விளம்பரத்தில் ஒரு முயல்.

அடுத்த வருடம் கேதீஸ்வரி தன் ரீலை அவனுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டு அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"நல்லாயிருக்கு கேதி."

"அதச் சொல்லவா எடுத்த நீ?"

அவன் கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இல்ல," என்றான். "அந்த மனிசி சிரிக்கிற இடத்தில வாய் மட்டும்தான் சிரிக்குது. அதில இருந்து தொடங்குவம்."