ஃபரீத் பாயின் கைச்சங்கு

ஃபரீத் பாய்க்குக் கிறுக்கு என்று சிவகாசியில் முதலில் சொன்னவன் நான்தான். பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர் கிடைத்ததை உடைத்து எடைக்குப் போட வேண்டும். இவரோ எந்த ஊரில் மில் மூடினாலும் ஓடிப்போய், கூரைமேல் இருக்கும் சங்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். படித்தவர்கள் சைரன் என்பார்கள், எங்களுக்கு அது சங்கு. அவர் வீட்டு மாடியில் அப்படிப் பதினொன்று இருந்தன.

அதில் அவர் உயிரையே வைத்திருந்தது தூத்துக்குடியில் கிடைத்த ஒரு கைச்சங்கின் மேல். உலகப்போர்க் காலத்தில், குண்டு போட விமானம் வந்தால் ஊரை எச்சரிக்க வைத்திருந்ததாம். முக்காலி மேல் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே சக்கரம் சுழன்று அலறும். இதே கிறுக்குப் பிடித்த நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர் பேங்க் ஆபீசர் ஒருவர் ஏதோ ஒரு சங்கின் சத்தத்தைப் பதிந்து அனுப்புவார், அது எந்தக் காலத்து உருப்படி, சக்கரத்தில் எத்தனை துளை என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பாய்தான் முதலில் சொல்வார்.

"ஊருல அவனவன் பாட்டு கேக்கான். இவுக அலறல் கேக்காக" என்று அவர் மனைவி நசிமா என்னிடம் சலித்துக்கொள்வார்.

நான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்பெனியில் கழிக்கிற தகர டப்பாக்களை எடுக்க வந்து பழக்கமானவர் பாய். சங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடமாட்டார். மில் சங்கை எப்படி வேண்டுமானாலும் ஊதலாம், போர்ச்சங்குக்கு ஒரு முறை இருக்கிறது என்பார்.

"சத்தம் ஏறி ஏறி இறங்குனா ஆபத்து, ஓடணும். ஏறி ஒரே சீரா நின்னா ஆபத்து நீங்கிருச்சு, திரும்பி வரலாம். அன்னைக்கு வச்ச முறை அண்ணாச்சி, இன்னைக்கும் அதுதான்."

இரண்டாயிரத்து இருபத்தைந்து மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது, நாட்டில் பல இடங்களில் போர் ஒத்திகை என்று சங்கு ஊதினார்கள். டிவியில் அதைக் கேட்ட எங்கள் முதலாளிக்கு நம் கம்பெனியிலும் ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றியது. எனக்குப் பாய் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் வராமலே போயிருக்கலாம்.

பாய் சந்தோஷத்தில் தூங்கவில்லை என்று நசிமா சொன்னார். தூத்துக்குடிச் சங்கையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "கரண்டு வேண்டாம், பொறி பறக்காது. ஒங்க எடத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாருங்க" என்றார். வாட்ச்மேன் சீனிச்சாமியின் கொட்டகையை ஒட்டிச் சிமெண்டுத் திண்டு கட்டி அதில் வைத்தோம்.

மூன்று நாள் ஒத்திகை. மூன்று நாளும் பாய்தான் சுற்றினார். நாலு சுற்று வேகமாக, பிறகு கை தளர்த்திச் சத்தத்தை இறங்க விடுவார், மறுபடி நாலு சுற்று. அந்த ஓலத்தைக் கேட்டதும் அறுபது பேரும் அறைகளைவிட்டு வெளியே வந்து கருவேலங்காட்டு ஓரம் போய் நின்றார்கள். பிறகு விடாமல் சுற்றினார், சத்தம் ஒரே மட்டத்தில் நின்றது, எல்லாரும் திரும்பினார்கள். சீனிச்சாமியும் கைப்பிடியை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானே?" என்றார்.

பொன்மணி மட்டும் கேட்டாள். சிறுகுளத்துக்காரி, மருந்து அடைக்கிற வேலை, வாய் சும்மா இருக்காது. "பாய், வெடிக்கிற நேரத்துல ஏறுதா எறங்குதான்னு எங்க கேட்டுக்கிட்டிருக்க?"

"காது தன்னால கண்டுக்கும் தாயி" என்று பாய் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஆகஸ்டு மாதம், தீபாவளி சீசன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். காலை பத்து மணி இருக்கும். மருந்து கலக்கும் அறைப்பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. சங்குக்குக் காத்திராமலே பெண்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். நானும் ஓடினேன். காட்டு ஓரம் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். புகை மெலிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சங்கு கிளம்பியது. ஏறியது. ஏறி அப்படியே நின்றது. இறங்கவில்லை.

பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். முறையை நன்றாகப் படித்தவன் நானல்லவா? தீயை அணைத்துவிட்டார்கள், ஆபத்து நீங்கியது என்றுதானே அந்தச் சத்தத்துக்கு அர்த்தம்? பாதி அடைத்த மருந்து வெயிலில் கிடக்கிறது, ஆர்டர் நிற்கிறது.

"போங்க, போங்க, ஒண்ணுமில்ல" என்று கை காட்டினேன்.

பொன்மணியும் இன்னும் இரண்டு பேரும் முன்னால் போனார்கள். அவர்கள் அறை வாசலை எட்டியபோது பக்கத்து அறையில் வைத்திருந்த மருந்து வெடித்தது. நான் கீழே விழுந்து கிடந்தேன். சங்கு அப்போதும் அதே மட்டத்தில் அலறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

சீனிச்சாமியின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அழுதார். "கைய விடவே இல்ல சார். உசுரக் குடுத்துச் சுத்துனேன். ஒரு நொடி தளர விடலையே, பெறகு எதுக்கு சார் அவுக உள்ள போனாக?"

எனக்கு அங்கேதான் விளங்கியது. சத்தத்தை இறக்க வேண்டுமென்றால் கையைத் தளர்த்த வேண்டும். பயந்தவன் எப்படித் தளர்த்துவான்?

விசாரணைக்கு வந்தவர்கள் எச்சரிக்கைச் சங்கு ஒலித்ததா என்று கேட்டார்கள். ஒலித்தது என்றேன். எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

வெடித்த அன்று பாய் சாத்தூரில் இருந்தார். நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, சங்கு ஊதுச்சுன்னு எல்லாரும் சொல்லுதாக. எப்படி ஊதுச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக. ஏறி எறங்குச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாரத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

"ஒரே சீரா ஊதுச்சு பாய்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அதக் கேட்டுத்தான் உள்ள போச்சுகளா அந்தப் பிள்ளைக?"

"ஆமா" என்றேன்.

மறுநாள் பொன்மணி வீட்டில் துக்கம் கேட்கப் போயிருந்தேன். பாயும் வந்தார். நேராகப் போய் அவள் புருஷன் சிவபாண்டியின் காலைப் பிடித்துக்கொண்டார். "எஞ் சங்குதாய்யா கொன்னுச்சு. நான் சொல்லிக்குடுத்த முறைதான் ஒம் பொண்டாட்டியக் கொன்னுச்சு" என்று அழுதார். சிவபாண்டி முதலில் புரியாமல் விழித்தான். புரிந்ததும் அடித்தான். வயதான மனிதரைக் கன்னத்திலும் முதுகிலும் அடித்தான். அவர் கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை.

பக்கத்தில் நின்ற நான்தான் இழுத்து விலக்கிவிட்டேன். "விடுப்பா சிவபாண்டி, தெரியாமச் செஞ்சுட்டாரு" என்றேன்.

பாய் கலங்கிய கண்ணோடு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.